முதற் சொல் யாருக்கு?

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் மக்களுக்கு அண்டை வீட்டாரே முதற் சுற்றம். பிழைப்பு நாடி வடபுலம் வந்த நம் முன்னோர் மொழி அறியாத தெருவில் வீடு பிடித்துக் குடியேறிய நாளில், அவர்களுக்குப் பால்காரரைக் காட்டியவரும், பள்ளிக்கூடத்திற்கு வழி சொன்னவரும், நள்ளிரவில் மருத்துவரை அழைத்து வந்தவரும் வேற்று மொழியினர். பல வேளைகளில் வேற்றுச் சமயத்தினர். ஆதலால் ஊரின் அமைதி குலையும்போது நமக்கு அச்சம் சற்று மிகுதி. குண்டு வெடித்த செய்தி வந்த மாலையில், பள்ளி சென்ற பிள்ளை வீடு திரும்பும் வரையில் வாயிற்படியில் நிற்கும் தாய்க்கு, குண்டு வைத்தவன் எச்சமயத்தவன் என்பது முதற் கவலை அன்று. இனி இத்தெருவில் என்ன நிகழும் என்பதே முதற் கவலை.

அவ்வேளையில் மக்கள் யாருடைய சொல்லை எதிர்பார்க்கின்றனர்? அரசின் ஆணையை எதிர்பார்ப்பர்; காவலரின் வருகையை எதிர்பார்ப்பர். அவற்றோடு, கோயிலிலும் பள்ளிவாசலிலும் குருத்வாராவிலும் மாதாகோயிலிலும் தமக்கு நன்மை தீமை எடுத்துரைத்து வந்த பெரியோர் என்ன சொல்லப் போகின்றனர் என்பதையும் உற்றுக் கேட்பர். அப்பெரியோர் சொல்ல வேண்டிய முதற் சொல் எது? அதனை யாரை நோக்கிச் சொல்ல வேண்டும்? எதிர்த் தரப்பாரை நோக்கியா, தம் சொந்த மக்களை நோக்கியா? இவ்வினாவுக்கு விடுதலை பெற்ற இந்தியாவின் வரலாறு சில தெளிவான விடைகளைத் தந்திருக்கிறது. அவற்றை இம்மலரில் ஒருங்கே வைத்துப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

தலைநகரில் ஒரு நோன்பு

1947-ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது, மேற்குப் பஞ்சாபில் வீடும் நிலமும் உற்றாரும் இழந்த இந்துக்களும் சீக்கியரும் இலட்சக்கணக்கில் தில்லி வந்து சேர்ந்தனர். அவர்தம் துயரம் விரைவிலேயே சினமாக மாறியது. நகரத்து முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர்; பல்லாயிரவர் புராணா கிலாவிலும் உமாயூன் கல்லறை வளாகத்திலும் அமைந்த முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். மசூதிகள் பல அகதிகளின் குடியிருப்பாக மாறின. மெஹ்ரௌலியில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காகியின் தர்காவும் சேதமுற்றது.

கல்கத்தாவில் செப்டம்பர்த் திங்களில் நோன்பிருந்து அந்நகரை அமைதிப்படுத்தியிருந்த காந்தியடிகள், பின்னர்த் தில்லிக்கு வந்தார். 1948 ஜனவரி 13-ஆம் நாள் மீண்டும் நோன்பு தொடங்கினார். அடிகள் எந்த மடத்திற்கும் அதிபர் அல்லர்; எந்தக் கோயிலுக்கும் அருச்சகர் அல்லர். எனினும் நாள்தோறும் மாலையில் எல்லாச் சமய மறைகளும் ஓதப்படும் வழிபாட்டுக் கூட்டத்தில் அமர்ந்து பேசிய அவரையே இந்நாட்டு மக்களுள் மிகப் பலர் தம் சமய வழிகாட்டியாகக் கொண்டிருந்தனர்.

அந்நோன்பின் முடிவில் கேட்கப்பட்டவை எவை என்று நோக்குவோம். அவை வானத்தை வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. எளியவை, எண்ணிப் பார்க்கக் கூடியவை. கைப்பற்றப்பட்ட மசூதிகள் திருப்பித் தரப்பட வேண்டும். மெஹ்ரௌலி தர்காவில் ஆண்டுதோறும் நிகழும் உருஸ் விழா வழக்கம்போல் நிகழ வேண்டும். சப்ஜி மண்டி, கரோல் பாக், பகாட்கஞ்ச் ஆகிய இடங்களில் முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும். இராஜேந்திர பிரசாத் அவர்களின் தலைமையில் கூடிய குழுவில் இந்து, முஸ்லிம், சீக்கிய அமைப்புகளின் பேராளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வுறுதிமொழியில் கையொப்பமிட்டனர். ஜனவரி 18-ஆம் நாள் மௌலானா ஆசாத் அளித்த பழச்சாற்றை அருந்தி அடிகள் நோன்பை முடித்தார்.

இரண்டே நாள் கழித்து, ஜனவரி 20-ஆம் நாள், அவரது வழிபாட்டுக் கூட்டத்திலேயே குண்டு வெடித்தது. மறுநாள் அவர் மக்களிடம் வேண்டிக்கொண்டது என்ன? குண்டு வைத்த இளைஞனை வெறுக்காதீர்கள் என்பதே. வழிபாட்டிற்கு வருவோரைச் சோதனையிட வேண்டும் என்று காவல்துறை கேட்டதற்கும் அவர் இசையவில்லை. 27-ஆம் நாள் மெஹ்ரௌலி தர்காவிற்குத் தாமே சென்று, உருஸ் விழாவில் கலந்துகொண்டார். 30-ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார்.

இங்குக் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அடிகள் எல்லாருக்கும் பொதுவாகவே பேசினார். பாகிஸ்தானில் நிகழ்ந்த கொடுமைகளையும் மறைக்காமல் கண்டித்தார். ஆயினும் தில்லியில் அவர் மிகுதியாகக் கேட்டது, பெரும்பான்மையினராயிருந்த தம் சொந்தச் சமயத்தாரிடம். மற்றவரைத் திருத்தும் உரிமை, தம்மவரைத் திருத்திய பின்னரே ஒருவருக்கு வாய்க்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் அமைதி என்பது தந்தை மகனுக்கு எழுதி வைக்கும் சொத்து அன்று. அதே தில்லியில், 1984 அக்டோபர் 31-ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அரசுக் கணக்கின்படியே 2,733 சீக்கியர் கொலையுண்டனர். சீக்கிய அண்டை வீட்டாரைத் தம் இல்லத்தில் ஒளித்துக் காத்த இந்துக் குடும்பங்கள் பல உண்டு. ஆயினும் அந்தத் தனி மனிதர்களின் அறத்தை ஒன்று திரட்டி நகர் முழுவதையும் தடுத்து நிறுத்தும் குரல் ஒன்று அந்நாள்களில் ஓங்கி எழவில்லை. 1948-இல் இருந்தது எது, 1984-இல் இல்லாதது எது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் உணர்வர்.

ஒரே மாநிலம், ஒரே ஆண்டு

2002-ஆம் ஆண்டு குசராத்து மாநிலம் இருமுறை சோதிக்கப்பட்டது. பிப்ரவரி 27-ஆம் நாள் கோத்ரா நிலையத்தருகே சபர்மதி எக்ஸ்பிரஸ் வண்டியின் ஒரு பெட்டி எரிந்து 59 பேர் மாண்டனர். அதன்பின் மூண்ட கலவரத்தில் 790 முஸ்லிம்களும் 254 இந்துக்களும் உயிரிழந்ததாக 2005-இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

ஏழு திங்கள் கழித்து, செப்டம்பர் 24-ஆம் நாள், காந்திநகர் அக்சர்தாம் கோயிலுள் துப்பாக்கியும் கையெறி குண்டும் ஏந்திய இருவர் புகுந்தனர். வழிபட வந்திருந்த ஆண், பெண், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாட் காலையிலேயே தேசியப் பாதுகாப்புப் படையினர் அவ்விருவரையும் வீழ்த்தினர். முந்தைய கலவரத்தின் புண் ஆறாத மாநிலம், தாக்கப்பட்டதோ கோயில். மீண்டும் குருதி பெருகும் என்று நாடே நடுங்கிற்று.

அவ்வாறு பெருகவில்லை. அரசும் படையும் இம்முறை விழிப்புடன் இருந்தது ஒரு காரணம். அதனை மறைப்பது வரலாறு ஆகாது. மற்றொரு காரணம், அக்கோயிலை எழுப்பிய சுவாமி நாராயண் அமைப்பின் தலைவர் பிரமுக் சுவாமி மகராஜ். எண்பது அகவை கடந்த அத்துறவி தம் அடியார்களிடம் பழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அமைதி காக்குமாறும் மாண்டோருக்காக வழிபடுமாறும் கேட்டுக்கொண்டார். பல சமயத்தாரும் கலந்துகொண்ட இரங்கல் வழிபாடு நடைபெற்றது. தாக்கப்பட்டவர் தாமே சினத்தை அடக்கி நின்றபோது, அவர் பெயரால் சினங்கொள்ள முற்பட்ட பிறருக்கு வாயடைத்துப் போயிற்று.

இவ்வரலாற்றுக்குப் பின்னுரை ஒன்று உண்டு. இத்தாக்குதலில் உடந்தை என்று கீழ்மன்றங்களில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும், உச்ச நீதிமன்றம் 2014 மே 16-ஆம் நாள் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. பன்னிரண்டு ஆண்டு விசாரித்தும் நீதிமன்றங்களுக்கே தடுமாற்றம் நேரும் ஒன்றை, குண்டு வெடித்த முதல் இரவிலேயே தெருக்கூட்டம் தீர்ப்பளித்துவிட முனையுமானால், அதனால் விளையும் கேட்டுக்கு அளவு உண்டோ? அமைதி காக்கச் சொன்ன துறவி, அறியாமலேயே குற்றமற்ற பலரைக் காத்தார் என்று கூறலாம்.

காசியில் இருவர்

காசி நமக்குப் புதிய ஊர் அன்று. அனுமான் காட்டில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் அங்குச் சென்று மடம் நிறுவிய குமரகுருபரர், இந்துஸ்தானி மொழியைக் கற்று, முகலாய ஆட்சியாளரிடம் அவர் மொழியிலேயே உரையாடினார் என்பது மரபுவழி வந்த செய்தி. பிற சமயத்தாரோடு பேச விரும்புவோர் முதலில் அவர் மொழியைக் கற்க வேண்டும் என்னும் பாடம் அச்செய்தியில் பொதிந்துள்ளது.

அக்காசியில் 2006 மார்ச்சு 7-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை மாலையில், சங்கட மோசனக் கோயிலில் குண்டு வெடித்தது. செவ்வாய் அனுமனுக்கு உரிய நாள் ஆதலால் அடியார் கூட்டம் பெருகியிருந்தது. திருமண வீட்டாரும் வந்திருந்தனர். சற்று நேரத்தில் கண்டோன்மெண்ட் ரெயில் நிலையத்திலும் வெடித்தது. இரண்டிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றோர் பலர்.

கோயிலின் மகந்து, வீரபத்திர மிசிரர். அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் கற்பித்த பேராசிரியர். 1982 முதல் கங்கையைத் தூய்மைப்படுத்தும் இயக்கத்தை நடத்தி வந்தவர். காலையில் கங்கையில் நீராடி வழிபடுவதும், பின்னர் அதே நீரை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. குண்டு வெடித்த அன்றிரவு அவர் செய்தவை மூன்று. காயமுற்றோரைக் காக்க ஏற்பாடு செய்தார். கோயிலின் வழிபாடு தடைப்படாமல் தொடர்ந்து நிகழச் செய்தார். கோயில் வளாகத்தை அரசியல் முழக்கத்திற்கு மேடையாக்க வந்தோருக்கு இடங்கொடுக்க மறுத்தார்.

மறுபுறத்தில், காசியின் முப்தி அப்துல் பாத்தின் நொமானி அவர்கள் தாக்குதலைக் கண்டித்ததோடு நில்லாமல், கோயிலுக்கே நேரில் வந்து மகந்துடன் நின்றார். இந்தக் காட்சியை நகரம் கண்டது. செனாய் மேதை பிசுமில்லா கானும் அத்தாக்குதலைக் கண்டித்துப் பேசினார். கங்கைக் கரையிலும் கோயில் வாயிலிலும் இசைத்து வளர்ந்த அப்பெருங்கலைஞர் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மறைந்தார். காசியில் கலவரம் மூளவில்லை.

மகந்தும் முப்தியும் அன்றுதான் ஒருவரை ஒருவர் தேடிச் சென்றிருப்பாராயின் அது காலம் கடந்த தேட்டம் ஆகியிருக்கும். காசியின் வாழ்க்கை அவர்களை முன்பே நெருங்கி வைத்திருந்தது. அந்நகரில் பட்டு நெய்வோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். அதனை வாங்கி விற்போர் பெரும்பாலும் இந்துக்கள். நம் இல்லத் திருமணங்களில் மின்னும் பனாரசுப் புடைவை இவ்விரு கைகளையும் கடந்தே வருகிறது. அசுதோஷ் வார்ஷ்ணே என்னும் அறிஞர் 2002-இல் வெளியிட்ட நூலில் அலிகாரையும் கோழிக்கோட்டையும், ஐதராபாத்தையும் இலக்னோவையும், அகமதாபாதையும் சூரத்தையும் ஒப்பிட்டு இதையே நிறுவினார். வணிகச் சங்கம், தொழிற்சங்கம், படிப்பு வட்டம் முதலியவற்றில் இரு சமயத்தாரும் கலந்திருக்கும் நகரங்களில் வதந்தி கலவரமாக முற்றுவதில்லை என்பது அவர் முடிபு.

தம்மவருக்கு மறுத்த ஆறடி நிலம்

மற்றொரு கடமை இதனினும் கடினமானது. கொலை செய்தவன் தம் சமயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும்போது அச்சமயத் தலைவர் என் செய்வது?

2008 பிப்ரவரியில் தேவபந்து தாருல் உலூமில் நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான உலமாக்கள் கூடிப் பயங்கரவாதத்தைக் கண்டித்தனர். மே 31-ஆம் நாள் தில்லி இராம்லீலா திடலில், குற்றமற்றோரைக் கொல்வது இஸ்லாத்திற்கு மாறானது என்னும் பத்வா மக்கள்முன் அளிக்கப்பட்டது. கண்டனம் வாயளவில் நின்றுவிடும் என்று ஐயுற்றோருக்கு அவ்வாண்டின் இறுதியிலேயே விடை கிடைத்தது.

நவம்பர் 26-ஆம் நாள் பம்பாயில் பத்துப் பேர் புகுந்து நிகழ்த்திய தாக்குதலில் 166 பேர் மாண்டனர். அப்பதின்மருள் ஒன்பதின்மர் கொல்லப்பட்டனர். அவர்களுடைய சடலங்களைத் தமது இடுகாட்டில் புதைக்க அந்நகரின் ஜும்மா மசூதி அறக்கட்டளையினர் மறுத்துவிட்டனர். இத்தகையோர் முஸ்லிம்கள் ஆகார் என்பது அவர்கள் கூறிய காரணம். இறந்தவனுக்கு மண் கொடுப்பது அச்சமயத்தில் தலையாய கடமை. அதனை மறுப்பது எளிய செயல் அன்று. அச்சடலங்கள் ஓராண்டுக்கு மேல் மருத்துவமனைப் பிணவறையில் கிடந்து, 2010 ஜனவரியில் அரசால் மறைவாகப் புதைக்கப்பட்டன. கொலைகாரனுக்குத் தியாகி என்னும் பட்டம் தம் மண்ணில் கிடையாது என்று அவ்வறக்கட்டளையார் காட்டியது, ஆயிரம் மேடைப் பேச்சுகளினும் உரத்து ஒலித்தது.

இக்கடமை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது தவறு. காந்தியடிகளைச் சுட்டவன் தன்னை இந்து சமயத்தின் காவலன் என்று கருதியவன். அவனை மாலையிட்டுப் போற்றுவோர் தோன்றும்போதெல்லாம் அது நம் சமயம் அன்று என்று முதலில் சொல்ல வேண்டியவர் இந்துப் பெரியோரே.

தந்தையும் இமாமும்

2018 மார்ச்சுத் திங்களில் மேற்கு வங்காளத்தின் ஆசன்சோல் நகரில் இராமநவமியை ஒட்டிக் கலவரம் மூண்டது. நூரானி மசூதியின் இமாம் இம்தாதுல்லா ரஷீதி அவர்களின் மகன், பதினாறு வயதுச் சிறுவன், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவன், கொல்லப்பட்டான். இறுதி வழிபாட்டுக்குத் திரண்ட ஆயிரக்கணக்கானோர் கொதித்து நின்றனர். அக்கூட்டத்தின்முன் அத்தந்தை கூறியதன் சாரம் இது: யாரேனும் பழி வாங்க முற்பட்டால் தாம் அம்மசூதியையும் அவ்வூரையும் விட்டே போய்விடுவார், தம் மகனை இழந்ததுபோல் வேறு எக்குடும்பமும் ஒரு பிள்ளையை இழக்கக் கூடாது. கூட்டம் கலைந்தது.

அவர் எதிர்த் தரப்பாரை நோக்கி அறிக்கை விடவில்லை. தம்மேல் அன்பு வைத்த மக்களை நோக்கியே பேசினார். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இதனினும் தெளிவான விடை இல்லை. ஒரு சமயத் தலைவரின் சொல் தம் மக்களிடத்தில் மட்டுமே ஆணையாகச் செல்லும். பிறரிடத்தில் அது வெறும் செய்தி. ஆதலால் முதற் சொல் தம்மவருக்கே உரியது.

நமக்கு எட்டும் கடமை

இவையெல்லாம் வடநாட்டுப் பிணி, நம் பிறந்த மண்ணுக்கு இல்லாதது என்று எண்ணி ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 1997 நவம்பர் இறுதியில் கோயமுத்தூரில் ஒரு காவலர் கொல்லப்பட்டதும், அதனைத் தொடர்ந்து முஸ்லிம்கள் பதினெண்மர் உயிரிழந்ததும், அதற்குப் பழியாக 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் வெடித்த குண்டுகளால் 58 பேர் மாண்டதும் தமிழ் மண்ணில் நிகழ்ந்தவையே. பழிக்குப் பழி என்னும் சங்கிலிக்கு மொழி வேற்றுமை தெரியாது.

அமைதி பேசுவது குற்றவாளியைத் தப்பவிடுவது ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. குற்றவாளியைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது அரசின் கடன். அதனை வற்புறுத்துவது குடிமக்களின் கடன். கொலையுண்டவர் சார்பில் பிறர் மன்னிப்பு வழங்கவும் உரிமையில்லை. சமயப் பெரியோர் கேட்பது இவ்வளவே: குற்றத்திற்குரிய தண்டனை குற்றம் செய்யாத அண்டை வீட்டான் தலையில் விழாதிருக்க வேண்டும். அரசு நீதி வழங்கத் தவறுமாயின், அப்பெரியோரின் சொல்லும் நாளடைவில் வலுவிழக்கும். இதனையும் சொல்லாமல் விடுதல் கூடாது.

இனி, காலனியில் வாழும் நாம் செய்யக் கூடியது யாது? நம்முள் மடாதிபதிகள் இல்லை. ஆனால் ஐயப்ப பூஜை நடத்தும் குழு உண்டு, கோயில் திருப்பணிக் குழு உண்டு, பசனை மன்றம் உண்டு, இச்சங்கம் உண்டு. இவற்றில் பொறுப்பேற்றோர் சிறு அளவில் சமயத் தலைவர்களே. முன்னாளில் வதந்தி தெருத்தெருவாக நடந்து வந்தது; இந்நாளில் கைப்பேசியில் ஒரு நொடியில் ஆயிரம் வீடுகளை எட்டுகிறது. பெரியோரின் முதற் சொல் எழுமுன்னே வதந்தியின் சொல் வந்துவிடுகிறது. ஆதலால் அத்தகைய செய்தி நம் கைக்கு வரும்போது அதனை அங்கேயே நிறுத்துவது இன்று ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகிறது.

மெஹ்ரௌலியில் தர்காவிற்கும் யோகமாயா கோயிலுக்கும் இரு சமயத்தாரும் சேர்ந்து மலர் விசிறி சாத்தும் பழைய விழா ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் நின்றுபோன அவ்விழா, நேருவின் ஊக்கத்தால் 1960-களின் தொடக்கத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. அத்தகைய விழா நம் காலனிக்கும் அரிதன்று. நம் பொங்கல் நாளில் அண்டைத் தெருப் பள்ளிவாசலின் பொறுப்பாளரையும், குருத்வாராவின் கிரந்தியையும், மாதாகோயில் பாதிரியாரையும் அழைத்து ஒரு பந்தியில் அமர்த்துவது பெருஞ்செலவு அன்று. அவர்கள் விழாவுக்கு நாமும் செல்வோம். அவர் வீட்டுக் கதவு எது என்று நமக்கும், நம் வீட்டுக் கதவு எது என்று அவர்க்கும், அமைதி நிலவும் இந்நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். தீ பற்றிய இரவில் அக்கதவைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.